பத்தரை மணி நேரப் பிறை

பிப்ரவரி 9, செவ்வாய்

காலை முழுவதும் கழிப்பறையின் உறிஞ்சு குழாயோடு போனது. அடைப்பு எடுக்க மூன்று மணி நேரம். எடுத்ததைப் பற்றி எழுதப்போவதில்லை. ஊரில் கடைத்தெரு முனையில் எனக்கு வரவேற்பு வளைவு வைத்திருக்கிறார்களாம், "விண்ணைத் தொட்ட எங்கள் மகள் ஜுலைகா" என்று. இன்று நான் தொட்டது விண் இல்லை.

நாட்குறிப்பு எழுதச் சொன்னது தரையில் இருக்கும் மனநல மருத்துவர். எழுதினால் மனம் லேசாகும் என்றார். இங்கே எல்லாமே லேசுதான், பேனாவைக்கூடக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. அவர் சொல்லிவிட்டாரே என்று எழுதுகிறேன்.

நிலையத்துக்கு வந்து அறுபத்திரண்டு நாள். மூன்று பேர் இருக்கிறோம். கமாண்டர் யெர்லான் கஜகஸ்தான்காரர், ஐம்பத்துநாலு வயது. தயானா பிரேசில் நாட்டுக்காரி. அப்புறம் நான், அலவாய்ப்பட்டினத்துக்காரி. பூமியையும் நிலவையும் படம் எடுப்பது என் வேலையில் பாதி. எந்த ஆற்று முகத்துவாரம், எந்தப் பனிமலை, எந்த நேரம் என்று தினமும் காலையில் தரையிலிருந்து பட்டியல் வரும். தொண்ணூற்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவிடுவதால் ஒரு இடம் தப்பினால் மறுபடி வந்து சேர நாளாகும். பெரிய லென்ஸ் ஒன்றே ஒன்றுதான். யெர்லான் அதைத் தன் கம்பளிக் காலுறைக்குள் போட்டு வைத்திருக்கிறார். கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்.

பிப்ரவரி 11, வியாழன்

போன மாதம் முழு நிலவன்று எடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. விளம்பரப் பிரிவில் ஓர் அம்மாள் குறிப்பு எழுதியிருக்கிறார்: "நிலவு நசுங்கியிருக்கிறது. வட்டமாக எடுத்து அனுப்பவும்."

நிலவு பூமியின் விளிம்பில் இறங்கும்போது காற்றுமண்டலம் அதன் ஒளியை வளைக்கும். அதனால் யாரோ மேலே உட்கார்ந்த பணியாரம் மாதிரித் தெரியும். படத்தின் அழகே அதுதான். அரைப் பக்கம் விளக்கம் எழுதினேன். "புரிகிறது, வட்டமாக எடுத்து அனுப்பவும்" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 14, ஞாயிறு

உம்மாவிடம் பேசினேன். இங்கிருந்து நாங்கள்தான் போன் பண்ண முடியும், எங்களுக்கு யாரும் பண்ண முடியாது. தங்கை சபூராவின் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை தமீம், ஷார்ஜாவில் வேலை. எப்போது என்று கேட்டேன். "நோன்புப் பெருநாளைக்கு மறுநாள்" என்றார் உம்மா. எந்தத் தேதி என்று கேட்டதும் லைன் சரியில்லை என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

காரணம் எனக்குத் தெரியும். வாப்பா எங்கள் ஊர்ப் பிறைக்குழுவின் தலைவர். கண்ணால் பிறையைப் பார்த்தால்தான் அவருக்கு மாதம் பிறக்கும். தமீமின் வாப்பா மீராசாகிபு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் இருபது வருஷத்துக்கான பிறையைக் கணக்குப் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் ஒரு நாள் வித்தியாசத்தில் பெருநாள் கொண்டாடும் இரண்டு பேர் சம்மந்தியாகியிருக்கிறார்கள்.

வாப்பா வீட்டில் இல்லையாம். வாப்பாவுக்குப் போனில் பேசுவது பிடிக்காது, அவ்வளவுதான். பத்தொன்பது மாசத்துக்கு முன்னால் நான் தேர்வானதைச் சொன்னபோது "போகாதே" என்றார். "கையெழுத்துப் போட்டாச்சு வாப்பா" என்றேன். சண்டையெல்லாம் இல்லை. இங்கு வந்தபிறகு லைன் சோதிப்பதற்காக அவர் எண்ணுக்கு நாலு தடவை அடித்திருக்கிறேன், நாலு தடவையும் கட் ஆனது. லைன் சோதனை முடிந்தது.

தேர்வானதில் ஒரு நன்மையும் உண்டு. என் கல்யாணப் பேச்சை உம்மா ஒன்றரை வருஷமாக எடுப்பதில்லை.

பிப்ரவரி 17, புதன்

மீராசாகிபு மாமாவிடமிருந்து மின்னஞ்சல். பதினான்கு பக்க அட்டவணை இணைத்திருக்கிறார். மார்ச் 8, திங்கள், நம் ஊர் நேரம் பிற்பகல் 2.59க்குப் புது நிலவு பிறக்கிறதாம். எனவே 9ஆம் தேதி பெருநாள், 10ஆம் தேதி கல்யாணம். அழைப்பிதழும் அடித்தாயிற்று. நிக்காஹ் நேரம் "மாலை 6.47" என்று போட்டிருக்கிறது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதானாம்: 8ஆம் தேதி மாலை பிறையை மேலிருந்து ஒரு படம் எடுத்து வாப்பாவுக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் வீட்டு அழைப்பிதழை சபூரா அனுப்பியிருந்தாள். அதில் தேதியே இல்லை. "இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்கு மறுநாள்" என்று மட்டும் இருக்கிறது. மண்டபக்காரர் இரண்டையும் வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாராம்.

பிப்ரவரி 18, வியாழன்

பிறைக்குழுவிலிருந்து கடிதம். முத்திரை போட்ட தாளில் தட்டச்சு செய்து, படமெடுத்து, நிலையத்தின் பொது முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே எழுதிவைக்கிறேன்:

"மதிப்பிற்குரிய விண்வெளி வீராங்கனை ஜுலைகா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். விண்ணில் எடுக்கப்படும் பிறைப் படம் தரையில் வாழும் எமது ஊருக்குச் சாட்சியமாகாது என்பதைத் தாங்களே எழுத்தில் உறுதிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, செய்யது இபுறாகீம், தலைவர்."

கையெழுத்து நீலப் பேனாவில். தலைவருக்கு இழுப்பில் கொஞ்சம் நடுக்கம் வந்திருக்கிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க மூன்று தடவை படித்தேன். ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 19, வெள்ளி

பதில் அனுப்பினேன்: நான் படம் எடுப்பவள், சாட்சி இல்லை. ஊர் முடிவில் எனக்குப் பங்கில்லை.

பிப்ரவரி 22, திங்கள்

கமாண்டர் லென்ஸைக் காணோம் என்று நிலையத்தைத் தலைகீழாக்கினார் (இங்கே அது பெரிய காரியம் இல்லை). கடைசியில் அவர் காலிலேயே இருந்தது. காலுறை மாறிப்போய் லென்ஸ் இருந்த உறையை முழங்காலுக்கு மேலே இழுத்துவிட்டிருக்கிறார். எடை தெரியாததால் கவனிக்கவில்லை.

பிறைக்குழுவின் இரண்டாம் கடிதம் வந்தது. "தங்கள் பதில் கிடைத்தது. குழு விவாதித்தது. கூடுதல் விவரம் தேவைப்படுகிறது. பிறை பார்க்கும் ஜன்னலின் கண்ணாடி எத்தனை அடுக்கு? ஒவ்வொன்றும் எவ்வளவு கனம்? உடைந்ததுண்டா?"

கண்ணாடி வழியாகப் பார்த்த பிறை செல்லுமா என்பது பழைய விவாதம்தான். அதனால் கேட்கிறார்கள். நாலு அடுக்கு என்று எழுதினேன். உள் அடுக்கில் யாரோ முன்பு கேமராவால் இடித்து ஏற்பட்ட சின்னக் கீறல் ஒன்று இருப்பதையும் எழுதினேன். விவரம் முழுமையாக இருக்க வேண்டும் அல்லவா.

பிப்ரவரி 25, வியாழன்

மூன்றாம் கடிதம். "பிறை பார்க்கையில் தாங்கள் இடுப்பில் கயிறு கட்டுவதுண்டா?" கட்டுவதில்லை, காலைக் கம்பியில் மாட்டிக்கொள்வோம் என்று எழுதினேன்.

தயானாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நிலவைப் பற்றிய கடிதமா?" என்று கேட்டாள். பிறைக்குழு மிகவும் நுணுக்கமானது என்றேன். அவள் உடற்பயிற்சிக்காக ஓடும் இயந்திரத்தில் ஏறிக்கொண்டாள்.

மார்ச் 1, திங்கள்

நான்காம் கடிதம் நீளமானது. "தங்களுக்கு ஒரு நாளில் பதினாறு சூரிய அஸ்தமனம் என்று குழு அறிகிறது. தாங்கள் நோன்பு வைப்பதாக ஒரு பெண்மணி மூலம் (தலைவரின் வீட்டில் உள்ளவர்) தகவல். பயணிக்குச் சலுகை உண்டு. விண்ணில் எலும்பு தேய்கிறது என்று பத்திரிகையில் வந்துள்ளது. எனவே நோன்பைத் தள்ளிவைத்து நன்றாகச் சாப்பிடுமாறு குழு ஒருமனதாகக் கேட்டுக்கொள்கிறது. மேற்படி உணவில் மீன் உண்டா?"

நோன்பு முதல் இரண்டு நாள்தான் வைத்தேன், மருத்துவர் நிறுத்திவிட்டார். டப்பாவில் சூரை மீன் இருக்கிறது, ஆனால் ருசியில்லை என்று எழுதினேன். பதிலை அனுப்ப வழக்கத்தைவிட நேரமானது. கமாண்டர் மின்னஞ்சல் கணினியை வைத்துக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம்.

மார்ச் 3, புதன்

சபூராவுக்குப் போன் பண்ணினேன். எடுத்ததும் அழுதாள். நேற்று பள்ளிவாசல் வாசலில் இரண்டு வாப்பாமாரும் நேருக்கு நேர் வந்துவிட்டார்களாம். மீராசாகிபு மாமா, நிலவு எப்போது வரும் என்று தெரியாதவர் வீட்டில் பெண் எடுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது என்றாராம். வாப்பா, வானத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பவர் வீட்டுக்குப் பெண் கொடுக்க நானும்தான் யோசிக்கிறேன் என்றாராம். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் திரும்பப் பெற வழி தெரியவில்லை. தமீமுக்குப் பன்னிரண்டாம் தேதி விமானம். அடுத்த லீவு ஒரு வருஷம் கழித்துத்தான்.

"ரெண்டு பேரும் ஒரே ஒரு விஷயத்துலதான் ஒத்துப்போறாங்க ராத்தா. நீ சொல்றது சரியா இருக்கும்னு."

நான் எதையும் சொல்லப்போவதில்லை என்றேன். அதற்கு அவள், "நீ எப்பவும் எட்டத்துல இருந்துக்கிட்டுப் படம் எடுப்பே" என்றாள். நானூறு கிலோமீட்டர் அவ்வளவு எட்டம் இல்லை. எங்கள் ஊரிலிருந்து சென்னை அதைவிடத் தூரம்.

மார்ச் 5, வெள்ளி

வட்ட நிலவுப் படத்துக்கு மீண்டும் நினைவூட்டல். வானில் இப்போது இருப்பது தேய்ந்த கீற்று. அதை அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன்.

மார்ச் 8, திங்கள்

இன்று ஜன்னலில் மாலை நேரம் தயானாவுடையது. அமேசான் ஆற்றின் வளைவு ஒன்றை எடுக்க மூன்று வாரமாகக் காத்திருக்கிறாள். காலையில் சாப்பிடும்போது, தனக்கு முதுகு வலிப்பதாகவும் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். எடையில்லாத இடத்தில் முதுகு எப்படி வலிக்கும் என்று கேட்கவில்லை. கமாண்டர் லென்ஸை அவரே கொண்டுவந்து கொடுத்தார். கையெழுத்துக் கேட்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட கையெழுத்துக்குப் பிறகு இதுவே முதல் தடவை.

ஊரில் சூரியன் மறையும் மஃரிப் நேரம் என்பது எங்கள் கடிகாரத்தில் பகல் ஒரு மணி. அந்தச் சுற்றில் இந்துமாக்கடலுக்கு மேலே சூரியன் மறைவதைப் பிடித்தேன். இங்கே சூரியன் மறைந்தால் உடனே இருட்டு. புதுப் பிறை சூரியனுக்குப் பின்னாலேயே ஒன்றரை நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அதற்குள் பார்க்க வேண்டும். நாற்பத்தாறு படம் எடுத்தேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நீலக் கோடு, அதன்மேல் கறுப்பு. ஒன்றும் இல்லை. மூன்றரை மணி நேரக் குழந்தைப் பிறையை எந்தக் கேமராவும் பிடிக்காது என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் எடுத்தேன்.

அடுத்த சுற்றிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. கமாண்டர் தேத்தண்ணீர்ப் பை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே மிதந்துகொண்டிருந்தார். தயானாவும் முதுகு வலியை மறந்து வந்துவிட்டாள்.

இரவு எட்டு மணிச் சுற்றில் வந்தது. கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். கேமராவில் இருக்கிறது. நகத்தால் கீறியதுபோல, நடுநடுவே அறுந்த ஒரு வெள்ளை நூல். மாமாவின் அட்டவணை சொன்ன இடத்திலேயே நின்றது. பிறந்து பத்தரை மணி நேரம்.

மூன்று பேரும் திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பிறகு கமாண்டர், "இப்போது யாருக்குப் பெருநாள்?" என்று கேட்டார்.

மார்ச் 9, செவ்வாய்

காலை ஆறு மணிக்கு உம்மாவின் போனுக்கு அடித்தேன். ஊரில் பதினொன்றரை. உம்மா எடுத்ததும் மெதுவான குரலில் நிலவரம் சொன்னார். நேற்று வாப்பாவும் குழுவும் பள்ளிவாசல் மாடியில் ஏறிப் பார்த்தார்கள், பிறை தெரியவில்லை. அதனால் வாப்பாவுக்கு இன்று முப்பதாவது நோன்பு. மீராசாகிபு மாமாவுக்கோ இன்று பெருநாள். பெருநாள் பலகாரம் கொடுக்காமல் இருப்பது முறையில்லை என்று, ஒரு பெரிய சட்டி வட்டிலப்பத்தோடு நோன்பாளி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டி நடுவில். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நேற்று உங்கள் மஃரிப் நேரத்தில் தேடினேன், அங்கே பிறை இல்லை, வெறும் வானம்தான் என்று முதலில் சொன்னேன். வாப்பா தொண்டையைக் கனைத்தது கேட்டது. அதிலிருந்து ஏழு மணி நேரம் கழித்து அட்டவணையில் மாமா சொன்ன அதே இடத்தில் நூல்போல இருந்தது, படம் என்னிடம் இருக்கிறது என்றேன். இப்போது மாமா கனைத்தார். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு வெற்றி கிடைத்ததில் சண்டை முன்னைவிடப் பெரிதானது. கல்யாணம் பத்து என்றார் ஒருவர். பெருநாள் அன்று எந்தச் சமையல்காரன் வருவான், பதினொன்று என்றார் மற்றவர். வட்டிலப்பத்தை யாரோ உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள் என்று நினைக்கிறேன்.

அப்போது சபூரா போனை எடுத்துக்கொண்டாள்.

"ராத்தா, நீ நம்ம ஊருக்கு மேல எப்ப வர்றே?"

சுற்றுப்பாதையைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பத்தாம் தேதி அடிவானத்தை ஒட்டிப் போகிறோம், யார் கண்ணிலும் பட மாட்டோம். பதினொன்றாம் தேதி மாலை 6.58க்கு ஊருக்கு நேர் மேலே. நாலு நிமிடம் நல்ல வெளிச்சமாகத் தெரியும்.

"அப்ப பதினொண்ணு. ராத்தா வர்ற அன்னைக்குத்தான் என் நிக்காஹ். யாருக்காவது சம்மதம் இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க."

இங்கிருந்து குரல் போய்வர எப்போதுமே தாமதம் ஆகும். இது அதைவிட நீளமாக இருந்தது.

முதலில் மீராசாகிபு மாமாதான் பேசினார். "6.58னு சொன்னியேம்மா, எத்தனை செகண்டு?"

வாப்பா, "மேகம் இருந்துச்சுன்னா?" என்று கேட்டார். என்னிடமா, மாமாவிடமா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். எந்தத் திசையில் எழும், பள்ளிவாசல் மாடியில் எத்தனை பேர் நிற்கலாம், பைனாகுலர் யாரிடம் இருக்கிறது. கல்யாணத் தேதி முடிவானதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

வைக்கப்போகும்போது வாப்பா போனை வாங்கினார். ஸ்பீக்கரை அணைத்த சத்தம் கேட்டது.

"ஒரு ஏடாகூடமான நம்பர்லேர்ந்து நாலு தடவை போன் வந்துச்சு. ஏமாத்துக்காரனுவன்னு கட் பண்ணிட்டேன்."

"சரி வாப்பா."

"நீதானா?"

"லைன் சோதிச்சுப் பார்த்தேன் வாப்பா."

"உள் கண்ணாடில கீறல்னு எழுதியிருந்தியே."

"சின்னக் கீறல்."

"அதை மாத்தச் சொல்லு."

அதோடு செயற்கைக்கோள் தொடர்பு போய்விட்டது. பிறை பார்ப்பதற்குக் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். அதன்பிறகு காற்று வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தேன். நேற்றுதான் செய்தது. இன்னொரு தடவை செய்வதில் தப்பில்லை.

மார்ச் 10, புதன்

பெருநாள். கமாண்டர் தன் பாட்டி செய்வது மாதிரி ஒரு ரொட்டி செய்தேன் என்று டப்பா ரொட்டியைச் சூடாக்கிக் கொடுத்தார். தயானா "ஈத் முபாரக்" என்று எழுதிய காகிதத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரிந்தாள். சூரை மீன் சாப்பிட்டேன், குழு கேட்டுக்கொண்டபடி.

மார்ச் 11, வியாழன்

அரபிக்கடலுக்கு மேலே வரும்போதே ஜன்னல் கம்பியில் காலை மாட்டிக்கொண்டேன். கமாண்டர் நொடி எண்ணினார். கேரளம் முழுக்க மேகம். மலையைத் தாண்டியதும் திறந்துவிட்டது. கடற்கரை விளக்குகள் ஒரு வரியாக ஓடின. அதில் எங்கள் ஊர் எது என்று எனக்குத் தெரியும். கீழே ஆயிரம் தடவை பார்த்த வளைவுதான் அது. கல்யாணப் பந்தல் விளக்கு அவ்வளவு உயரத்துக்குத் தெரியாது. ஆனால் வழக்கத்தைவிட ஒரு புள்ளி வெளிச்சமாக இருந்தது.

பெரிய லென்ஸில் பன்னிரண்டு படம் எடுத்தேன். அதன்பிறகு கேமராவை விட்டுவிட்டேன். அது பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. மீதி இரண்டரை நிமிடம் சும்மா பார்த்தேன். கையைக் கொஞ்சம் ஆட்டினேன் என்று தயானா சொல்கிறாள். கம்பியைப் பிடிக்கப்போனேன்.

மார்ச் 12, வெள்ளி

காலையில் ஓடும் இயந்திரம் பழுது. சரிசெய்தேன்.

பிறைக்குழுவின் ஐந்தாம் கடிதம் வந்திருக்கிறது. இந்தத் தடவை செயலாளர் எழுதியிருக்கிறார்:

"அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பின் சபூரா தமீம் நிக்காஹ் இனிதே நடைபெற்றது. பின்னர் ஜனாப் மீராசாகிபு அவர்கள் கணக்கிட்ட நேரத்தில், குழுவினர் பதினோரு பேர் மாடியில் கூடி வானத்தை நோக்கினர். தென்மேற்கில் எழுந்து, மாலை 6.58க்குத் தலைக்கு நேர் மேலே தாங்கள் வெறும் கண்ணுக்குத் தென்பட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சாட்சியம் பெறப்பட்டது. பத்துப் பேர் சாட்சியம் ஏற்கப்பட்டது. தலைவர் அவர்கள் கண் நிறைய நீரோடு நின்றபடியால், அன்னாருக்கு எதுவும் தெளிவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று குழு கருதி அவர் சாட்சியத்தை மட்டும் தள்ளுபடி செய்தது. தலைவர் இதை ஆட்சேபித்துள்ளார். எல்லாரையும்விடத் தமக்குத்தான் நன்றாகத் தெரிந்தது என்கிறார்."